லேன்ஃபோர்டிலிருந்து ஓர் அழைப்பு

“கோச், லேன்ஃபோர்டு காலேஜ்லேர்ந்து திருட்டுத்தனமா போன் பண்ணி, அவங்க டீமுக்கு வரச் சொன்னாங்க.”

இண்டியானா கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ரஸ்க், தன் நட்சத்திர ஆட்டக்காரன் மார்கெலை நிமிர்ந்து பார்த்தார். “சீசன் முடியறதுக்குள்ளயேவா? நீ என்ன சொன்னே?”

“மூஞ்சியில அடிச்ச மாதிரி மாட்டேன்னுட்டேன். விசுவாசம்தான் முக்கியம்னு தினமும் கத்துவீங்களே! அடுத்த வருஷமும் இங்கேயே ஆடறேன்னு கையெழுத்தும் போட்டாச்சு.”

“என்னை ஒரு வார்த்தை கேக்காமலா? அறிவிருக்காடா உனக்கு?” மேசையில் ஓங்கிக் குத்தினார் ரஸ்க்.

மார்கெலின் முகம் சுருங்கிப் போயிற்று. “உங்களுக்காகத்தானே, கோச்...”

அவன் வெளியேறியதும் கதவைத் தாழிட்டுவிட்டு, லேன்ஃபோர்டுக்குப் போன் போட்டார் ரஸ்க்.

“பையன் வரமாட்டேங்கறான் சார். நான் மட்டும் வந்தா, சொன்ன கோச் வேலையைத் தருவீங்கல்ல?”