அட்டைக்கு இருபது ரூபாய்

அரூர் மளிகைக் கடையின் சலுகை அட்டைக்கு வருஷச் சந்தா இருபது ரூபாய். வாங்கும் சாமானில் ரூபாய்க்கு ஐந்து பைசா வருஷக் கடைசியில் திரும்பக் கிடைக்கும். எண்பத்தாறு டிசம்பரில் அதைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தது.

"நானூறுக்கு வாங்கினாத்தான் கட்டுன காசே திரும்பும். வூட்டுல ரெண்டே பேரு. இருநூத்தம்பதைத் தாண்டியிருக்க மாட்டோம்" என்றார் மதலைமுத்து.

"எதுக்கும் கடையில ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றாள் அவர் மனைவி ராயம்மாள்.

கடைக்காரர் மாதையன் பேரேட்டைப் புரட்டினார். "அறுநூத்தி நாப்பதுக்கு வாங்கியிருக்கீங்க. முப்பத்திரண்டு ரூவா உங்களுக்கு வரணுங்க."

"தப்பா எழுதியிருப்பீங்க."

"இல்லீங்க. உங்க பொண்ணு செசிலியும் இந்த அட்டை நம்பர்லதான் வாங்குது. மொரப்பூர்லருந்து பஸ் ஏறி வருதுங்க. 'திரும்பற காசு அப்பாவுக்கே போவட்டும்'னு சொல்லுது. ரெண்டு மாசமா கிரைப் வாட்டரும் கொழந்தை பவுடரும் சேர்த்து வாங்குதுங்க."

தன் சொல்லை மீறிக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மூன்று வருஷமாக அவள் பெயரைக்கூட எடுக்காதவர் மதலைமுத்து. இதே கடைக்கு அவர் தோளில் உட்கார்ந்து வந்து, கடலை உருண்டை வாங்கித் தந்தால்தான் இறங்குவேன் என்று அவள் அடம்பிடித்ததெல்லாம் நேற்று நடந்தது போல இருந்தது.

இருபது ரூபாயை எடுத்து வைத்தார்.

"புதுப்பிச்சிடுங்க" என்றவர், படியிறங்கப் போய்த் திரும்பி வந்து கேட்டார்: "செசிலி எந்தக் கெழமைங்க வரும்?"