ஆள்காட்டியின் நோய்க்குப் புதுப் பெயர்

ஏரிக்கரை ஆள்காட்டிக் குருவிக்குத் திடீரென்று பேச்சும் கூவலும் திக்க ஆரம்பித்தன. அது கூவினால்தான் மற்றப் பறவைகள் கூடிவந்து கீரியைக் கொத்தி விரட்டும். அதன் முட்டைகளோ வெறும் தரையில் கிடந்தன. ஆள்காட்டி, பேச்சு வைத்தியம் பார்க்கும் மைனாவிடம் ஓடியது.

"டா-டாக்டரம்மா, எனக்குத் தி-திக்குது."

"திக்குதுன்னு சொல்லாதப்பா, மனசு நோகும். கூட்டம் போட்டுப் பேரை மாத்திட்டோம். இனிமே அது 'சொல்லோட்டத் தடை'."

"என் மனசு நோ-நோகலம்மா. மு-முட்டைதான்..."

"முதல்ல பேரைச் சரியாச் சொல்லப் பழகிட்டு வா. அப்புறம் வைத்தியம்."

ஆள்காட்டி சோறு தண்ணி மறந்து அதை உருப்போட்டது. சரளமாக வந்ததும் பறந்துபோய்ச் சொன்னது. மைனாவின் வாசலில் காவல் நின்ற கிளி உள்ளே விடவில்லை.

"அது பழசுண்ணே. நேத்துக் கூட்டத்துல 'பேச்சொழுக்கு வேறுபாடு'ன்னு முடிவாயிடுச்சு. அதைப் பழகிட்டு வாங்க."

பெயர் மாற மாற நோயும் முற்றுகிறதோ என்று ஆள்காட்டி பயந்தது. முட்டைகளின் பக்கத்திலேயே நின்று மறுபடியும் உருப்போட்டது.

சாயங்காலம் புல் அசைந்தது. கீரி! ஆள்காட்டி வாயைத் திறந்தது. கூவல் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. சிக்காமல் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"பேச்சொழுக்கு வேறுபாடு! பேச்சொழுக்கு வேறுபாடு!"

ஒரு பறவையும் திரும்பிப் பார்க்கவில்லை. கீரி முட்டைகளை நோக்கி நிதானமாக நடந்தது. மரத்தில் இருந்த மைனா மட்டும் பூரித்துப்போய்ச் சிறகைத் தட்டியது.

"அடேயப்பா, ஓர் இடத்துலகூடத் திக்கலையே!"