பதினைந்து நாள் பூஜ்யம்

“டிவிய மட்டும் போடச் சொல்லாத லோஷினி. மத்தபடி என்னா வேணுமோ பாத்துக்க,” என்று சொல்லிக்கொண்டே கேட்டைத் திறந்தாள் செல்வராணி.

லோஷினி பையோடு உள்ளே வந்தாள். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. பொறுக்கியெடுத்த சில வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள். பார்க்க உட்காருகிறவர் தனக்கென்று கொடுத்த எண்ணை அதில் அழுத்த வேண்டும். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியில் அப்படி ஒரு பெட்டி செல்வராணி வீட்டில் இருந்தது. அந்த ஒரு வீடு பல ஆயிரம் வீட்டுக்குச் சமம் என்பது நிறுவனத்தின் கணக்கு.

மதியம் மூன்று மணிக்கு ஒரு பழைய அமெரிக்கத் தொடரைத் தமிழ் பேசவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழு பேர் விருந்தாளி பட்டனை அழுத்திவிட்டு, செல்வராணியோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். ஜொகூரில் அந்தத் தொடருக்கு வந்த ரேட்டிங் பெரும்பாலும் இந்த எட்டுப் பேர் புண்ணியம். பதினைந்து நாளாக இங்கிருந்து வருவது சுத்தப் பூஜ்யம். ரேட்டிங் சரிந்துதான் அமெரிக்காவிலேயே அதை அந்தக் காலத்தில் நிறுத்தினார்களாம். இங்கேயும் வெள்ளிக்கிழமையோடு நிறுத்தப்போவதாகப் பேச்சு. லோஷினி எந்தத் தொடரையும் பார்ப்பதில்லை, எண்ணுவதோடு சரி. அவள் கவலை வேறு.

“ஒரு வீட்ல பதினஞ்சு நாளா டிவியே போடாம இருப்பாங்களா? பெட்டிய நீ ஒழுங்கா மாட்டல,” என்று மேலதிகாரி யுகேந்திரன் காலையில் கத்தியிருந்தார். “அஞ்சு மணிக்குள்ள உருப்படியா ஒரு காரணம் அனுப்பு. இல்லன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்.”

அவர் சொன்னால் செய்கிற ஆள். அவள் பெட்டியைக் கழற்றிச் சோதித்தாள். அதில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு இல்லையென்றால் யுகேந்திரனுக்கு என்ன காரணத்தை அனுப்புவது?

“ஆண்ட்டி, டிவி நல்லாதானே இருக்கு? ஏன் போடறதில்ல?”

செல்வராணி குரலைத் தாழ்த்தினாள். “துக்கம்மா. பதினாறு முடியாம எப்படிப் போடறது?”

லோஷினிக்கு முகம் சுருங்கிவிட்டது. துக்க வீட்டில் வந்து டிவியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறோமே என்று கூசியது.

“சாரி ஆண்ட்டி. எனக்குத் தெரியாது. அம்மாவா?”

“அம்மா மாதிரிதான். பதினஞ்சு வயசுலேர்ந்து தெரியும். நடுவுல தொடர்பு விட்டுப்போச்சு, எங்க இருக்காங்க, என்ன ஆனாங்கன்னே தெரியல. இந்த வருசந்தான் திரும்பப் பாத்தேன். பாத்த நாலாவது மாசம் போயிட்டாங்க.”

“ஐயோ பாவம். இங்கயா?”

“வெளிநாட்டுல. நாங்க எங்க போயி எடுக்கறது? இங்கருந்தே அழுதுட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டோம். பக்கத்து வீட்டுக்காரங்களும் அன்னைலேர்ந்து டிவி போடல.”

பின்கட்டிலிருந்து செல்வராணியின் கணவர் அய்யாவு எட்டிப்பார்த்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். “ரெண்டு வாரமா வீட்ல மீன் இல்ல, ஃபுட்பால் இல்ல. இந்தப் பொண்ணுகிட்டயாவது சொல்லேன், யாரு என்னான்னு...”

“நீங்க சும்மா இருக்கீங்களா?” செல்வராணி முறைத்த முறைப்பில் அவர் தலையை இழுத்துக்கொண்டார். துக்கத்தில் கூட நக்கலா என்று லோஷினிக்கு அந்த மனுசன் மேல் கோபம் வந்தது.

“அவங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா ஆண்ட்டி?”

“மூணு இருந்து என்னா பண்ண? அடக்கம் பண்ண மறுநாளே வீட்ல பார்ட்டிம்மா! பாட்டென்ன, டான்ஸென்ன. மூத்தவன் குடிச்சிக்கிட்டே சொத்துப் பத்திரத்தத் தேடறான். ஒருத்தர் கண்லயும் தண்ணி வரல.”

“அலமாக்! என்னா பிள்ளைங்க ஆண்ட்டி!” லோஷினிக்கு உண்மையிலேயே மனசு ஆறவில்லை. பெற்றவளுக்கு இப்படியா?

அதே சமயம் ஒரு நிம்மதியும் வந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது. சாவு விழுந்த வீட்டின் நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அந்தப் பூஜ்யமெல்லாம் அடிபட்டுப் போகும். தொடர் தப்பிக்கும். முக்கியமாக, அவள் வேலை தப்பிக்கும். யுகேந்திரன் கேட்ட உருப்படியான காரணம் இதைவிட வேறென்ன இருக்க முடியும்?

கைப்பேசியில் நிறுவனத்தின் படிவத்தைத் திறந்தாள். மணி நாலரை.

“ஆண்ட்டி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆபீசுக்கு ரெண்டே விவரம் வேணும். அவங்க பேரு?”

“மார்கரெட்.”

“கிறிஸ்தவங்களா?”

“ஆமா. அவங்களுக்குப் பதினாறு கெடையாதுதான். நமக்கு இருக்குல்ல?”

பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டே லோஷினி பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்துக்கு வந்தாள்.

“உங்களுக்கு என்னா உறவு?”

செல்வராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உறவுன்னு என்னத்தச் சொல்றது? அந்த மூணு மணி அமெரிக்கத் தொடர்ல வருவாங்களே, அந்த வீட்டுப் பெரியம்மாதாம்மா. பெத்ததுங்கதான் அதே எபிசோட்லயே ஆட்டம் போடுதுங்க, பார்த்துக்கிட்டிருந்த நாங்களாவது துக்கம் காக்க வேணாமா?”