கொடியில் காய்ந்த சட்டை

"மலை ஜனங்களோட டிசைனைச் சுட்டு விக்கிறதும் இல்லாம, அதையே சட்டையாத் தைச்சுப் போட்டுக்கிட்டு கல்லாவுல வேற உட்காந்திருக்கீங்களே! அவங்க கேஸ் போட்டா கடையே போயிடும்" என்றாள் மனைவி.

"அங்க ஒரு வீட்டுக் கொடியில காஞ்சுக்கிட்டிருந்த சட்டையைப் போட்டோ எடுத்தேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

மறுநாளே மலையிலிருந்து ஒரு நெசவுக்கார அம்மா கடைக்கு வந்துவிட்டார். வந்தவர் கடைக்காரரின் சட்டையையே உற்றுப் பார்த்தார்.

"இது எங்க ஊரு டிசைன் ஆச்சே!"

கடைக்காரர் சட்டென்று எழுந்து கைகூப்பினார். "உங்க கலாசாரத்து மேல உள்ள மரியாதைம்மா. வேண்டாம்னா கடையில இருக்கிற எல்லாத்தையும் இப்பவே எடுத்துடறேன்."

"ஐயோ, எடுக்காதீங்க! உங்களுக்கு அவ்வளவு பொருத்தமா இருக்கு. கழட்டவே கழட்டாதீங்க!" என்று வாய்விட்டுச் சிரித்தார் அந்த அம்மா.

கடைக்காரர் மனைவியைப் பார்த்து மீசையை முறுக்கினார்.

அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வாசல்வரை பின்னாலேயே போனாள்.

"நிஜமாவே உங்களுக்குக் கோபம் இல்லையாம்மா?"

"எதுக்கும்மா கோபம்? எங்க ஊர்ல, திருடிப் பிடிபட்டவனுக்கு இந்தச் சட்டையைப் போட்டுவிட நாலு பேர் அமுக்கிப் பிடிக்கணும். உங்க வீட்டுக்காரர் தானாவே போட்டுக்கிட்டு நிக்கிறாரே!"