மிதிகட்டைச் சத்தம்

“பைய மிதிங்க ஐயா, உள்ள மாமா படுத்திருக்காவ!” என்றாள் லூர்து மேரி.

கிருபைராஜ் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். பழைய கடைசல் எந்திரம்தான், ஆனாலும் நன்றாகவே சுற்றியது. கையகல நீராவி எஞ்சின் ஒன்றைத் தானே கடைந்து ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு எத்தனை வருஷத்துப் பித்து! வாத்தியார் சம்பளத்துக்குப் புது எந்திரம் கனவிலும் கிடைக்காது. பழசு தேடித் தேடி அலுத்துப்போய், பாளையங்கோட்டையிலிருந்து இந்தப் புன்னக்காயல் வரை வந்துவிட்டார். இதுவும் தட்டிப்போனால் ஆசையைத் தலைமுழுக வேண்டியதுதான்.

குனிந்து பார்த்தவருக்குச் சுருக்கென்றது. அடியில் இரும்புச் சீவல் ஒரு துணுக்குக்கூட இல்லை.

“தினமும் ஓடுதுன்னு சொன்னீயளேம்மா? கடைஞ்ச அடையாளமே இல்லையே!”

அவள் கண் நிறைந்துவிட்டது. அவரை வாசலுக்கு வெளியே அழைத்துப் போனாள்.

“ஓடுது ஐயா. நான்தான் மிதிக்கேன். எம் புருஷன் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போன எடத்துல வாந்திபேதியில போயிட்டாவ. அங்கனயே அடக்கம் பண்ணியாச்சு. மாமாவுக்குக் கண்ணு தெரியாது. அப்பனும் மவனும் சண்டை போட்டுப் பேச்சு நின்னு வருஷமாச்சு. இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மவன் கடைஞ்சுக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்காவ. ஊர்ல ஒருத்தரும் வாயத் தெறக்கல.”

“பின்ன எதுக்கு விக்கீய?”

“அடுப்பு எரியணுமே! பணத்தை இப்பம் தாங்க. மாமா கண்ணை மூடுற மட்டும் எந்திரம் இங்கனயே கெடக்கட்டும்.”

கிருபைராஜ் பையிலிருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். ஒரு மனுஷன் சாவுக்குக் காத்திருந்துதானா எஞ்சின் செய்வது? சீ! வேண்டாம் என்றால் அவள் அடுப்பு எரியாது. அவள் தண்ணீர் மொள்ளக் கொல்லைப் பக்கம் போனாள். விட்டு வந்த துண்டை எடுக்க அவர் உள்ளே நுழைந்தார்.

“ஓய், இங்கன வாரும்.” கட்டிலில் கிடந்த கிழவர் துழாவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இரும்பு கடைஞ்சா கீச்சுன்னு கத்தும் வே. ரெண்டு மாசமா வெறுஞ் சக்கரந்தான் சுத்துது, மிதிக்கது மருமவதான். அவன் உசிரோட இருந்தா இப்படி விடுவானா? ஒரு வார்த்தை பேசாமலே எம் மவனைப் பறிகொடுத்துட்டேன். பாவி நான்! நீரு எந்திரத்தை இன்னைக்கே தூக்கிட்டுப் போயிரும், அவ காலாவது ஓயட்டும். எனக்குக் காதும் போயிட்டுன்னு அந்தப் புள்ளட்ட இப்பமே சொல்லிருதேன்.”