சகலை வீட்டு நீல வெளிச்சம்

ஊரிலிருந்து வந்து இறங்கிய மாமனார், முகம்கூடக் கழுவாமல் கேட்டார்.

"சின்ன மாப்பிள்ளை வீட்டு மீன் தொட்டியை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமா?"

பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. அவர் வீட்டு ஹாலிலும் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. மாமனார் அதன் மேல்தான் குடையை மடக்கி வைத்திருந்தார்.

சகலை வீட்டுத் தொட்டியில் உயிருள்ள பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலிக்கும். அதே கடையில் வாங்கியவைதான் இவர் வீட்டில் சோகை பிடித்துக் கிடந்தன.

ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டார். தொட்டியின் எல்.இ.டி. விளக்கில் நீலத்தைக் கூட்டி வெள்ளையைக் குறைத்து வையுங்கள், எதையும் மெதுவாக மாற்றுங்கள் என்றார் சகலை.

பெரியவர் நம்பவில்லை. போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர் அவர். வெளிச்சம்தான் பிழைப்பே. பல் டாக்டரான சகலை வந்து தனக்கு வெளிச்சம் சொல்லித் தருவதா? விஷயத்தை அமுக்கிக்கொண்டு மழுப்புகிறார் என்று எண்ணி, வீட்டுக்கு வந்ததும் வெள்ளையை முழுசாக ஏற்றினார். இருந்த நிறமும் போனது.

அடுத்த வாரம் சகலை, மாமனாரையும் அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு சுற்றுலா கிளம்பினார். வீட்டுச் சாவி பெரியவரிடம் வந்தது. மீனுக்குத் தீனி தானாக விழும், நடுவில் ஒருமுறை போய், வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும் என்றார்.

போனார். ஊற்றினார். சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். நீல வெளிச்சத்தில் ஒவ்வொரு பவளமும் கனல் மாதிரி மின்னியது. பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. "நம்ம தொட்டியை எடுத்துட்டு அங்க செருப்பு ஸ்டாண்ட் வைக்கலாமே" என்று மனைவி சொன்னது வேறு நினைவுக்கு வந்தது.

எழுந்தார். நீலத்தை அணைத்து, வெள்ளையை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டினார். அவர்கள் திரும்ப இன்னும் நாலைந்து நாள் இருந்தது.

மறுநாள் மனசு உறுத்தியது. போய் மாற்றிவிடலாம் என்று சாவியைக் கையில் எடுத்தார். மறுபடி மேஜையிலேயே வைத்துவிட்டார்.

அவர்கள் வந்த அன்று சாயங்காலம், உச்சுக்கொட்டுவதற்குத் தோதாக முகத்தை வைத்துக்கொண்டு போனார். தொட்டி நீலத்தில் தகதகத்தது. ஒரு பவளம்கூட வாடவில்லை.

"அண்ணா பார்த்துக்கிட்டதாலதான் நான் அங்க நிம்மதியா இருந்தேன்" என்று சகலை எல்லார் முன்னாலும் சொன்னார். மாமனார் பெரிய மாப்பிள்ளையின் தோளில் தட்டிக்கொடுத்தார். பெரியவர் பாதிக் காபியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

கிளம்பும்போது சகலை வாசல்வரை வந்தார். கையில் சின்ன டப்பா. உள்ளே தண்ணீரில் ஒரு பவளத் துண்டு.

"உங்க தொட்டிக்கு. ஞாயித்துக்கிழமை வந்து லைட்டையும் செட் பண்ணித் தர்றேன்ணா."

பெரியவருக்கு வாய் குழறியது. "லைட்டு... உங்க லைட்டு..." என்று இழுத்தார்.

சகலை உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அதை போன்லயே மாத்திக்கலாம்ணா. டூர்ல இருக்கும்போது, வெள்ளையானதை போன்ல முதல்ல பார்த்தது என் வீட்டுக்காரிதான். என் கை தெரியாம பட்டுடுச்சுன்னு அவகிட்ட பொய் சொல்லிட்டேன். நீங்க என்னைக் காட்டிக்கொடுத்துடாதீங்க."