ஆடு படுக்காத நிலம்

மலிவாக நிலம் தேடி வேனில் வந்திறங்கிய நான்கு பேரும் கோட்டைச்சாமியின் ஆட்டுக்கிடையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். "நாங்களும் உங்கள மாதிரிதாண்ணே. வீடு வாசல் வேணாம்னு ஊர் ஊராப் போறவங்க," என்றாள் கூட்டத்துக்குத் தலைவி போலிருந்தவள்.

"பெறகு நெலம் எதுக்கு?"

"எங்கள மாதிரி ஆளுங்க வந்து தங்கத்தான். மொதல்ல சுத்தி வேலி போட்டுருவோம்."

வேலி. முப்பது வருடத்தில் அவருடைய மேய்ச்சல் பாதைகளை ஒவ்வொன்றாக விழுங்கிய சொல். கம்பை மேற்கே நீட்டினார். "அந்தா, ஒத்தப் பனைக்கு அங்கிட்டு. சல்லிசா முடியும்."

அங்கே மூன்று முறை கிடை போட்டுப் பார்த்திருக்கிறார். முந்நூறு ஆட்டில் ஒன்றுகூடப் படுக்கவில்லை. விடியும்வரை மூச்சுக் காட்டாமல் நின்றன. ஏன் மலிவு என்று அவர்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுமாதம் அந்தப் பக்கம் ஆட்டைப் பத்திக்கொண்டு போனபோது புதுக் கம்பிவேலிக்குள் பாய் விரித்து அவள் மல்லாந்திருந்தாள். "என்னா அமைதி! உள்ள வந்து உக்காருங்கண்ணே," என்று பக்கத்துத் தரையைத் தட்டினாள்.

ஆடுகள் மேய்ச்சலை விட்டுத் தலைதூக்கி அவளையே பார்த்தன. கம்பை இறுகப் பிடித்தபடி கோட்டைச்சாமியும் உட்காராமல் வேலிக்கு வெளியிலேயே நின்றார்.